பால்கனியில் தலை காய வைத்தவள்

என் தலையில் நான் போட்டுப் பார்க்காதது சிமெண்ட் ஒன்றுதான். வெந்தயம், தயிர், செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, சோற்றுக் கற்றாழை எல்லாம் போட்டாயிற்று. ஆளிவிதையைக் கொதிக்கவைத்துப் பழைய துப்பட்டாவில் பிழிந்து ஜெல் எடுத்திருக்கிறேன். அந்தத் துப்பட்டா பிறகு எதற்கும் ஆகவில்லை. வாழைப்பழம் பிசைந்து போட்ட வாரம் முழுக்க, ஆபீஸில் தலையை ஆட்டினால் கீபோர்டில் துணுக்குகள் விழுந்தன. முட்டை போட்ட அன்று அவசரத்தில் சுடுதண்ணீரில் அலசிவிட்டேன். முட்டை தலையிலேயே வெந்தது. முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொரியலைப் பொறுக்குவதுபோல் உட்கார்ந்து பொறுக்கினேன்.

எங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்க என் டப்பாக்கள்தான். ஒருநாள் அப்பா வெந்தய விழுதைத் தோசை மாவு என்று நினைத்துக் கல்லில் ஊற்றிச் சாப்பிட்டும் முடித்துவிட்டார். "கொஞ்சம் கசக்குது, உப்பு பத்தல" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் திட்டினாள். "தலைக்குள்ள இருக்கறதுக்கு ஏதாச்சும் போடு கண்ணு. மேல இருக்கறது தானா வளரும்."

அம்மா அப்படிச் சொல்லலாம். அவளுக்கு இடுப்பு வரை முடி. தேங்காய் எண்ணெயையும் சீயக்காயையும் தவிர எதையும் தொடவிட்டதில்லை. நான் தலைக்குப் போடும் மாஸ்க்கோடு பின்னாலேயே அலைந்தாலும் கொண்டையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடிவிடுவாள்.

அந்த முடி, இரண்டாவது கீமோ முடிந்த பிறகு, மூன்று நாளில் தலையணையில் வந்துவிட்டது.

மார்பில் கட்டி. சீக்கிரமே கண்டுபிடித்தார்கள், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அம்மா பயந்தது அதற்கு இல்லை. மாமாவுக்கு, அதாவது அவளுடைய ஒரே தம்பிக்கு, அப்போதுதான் பெண் அமைந்திருந்தது. கொடுமுடிப் பக்கம் தோப்பும் மஞ்சக்காடும் வைத்திருக்கிற மனிதர். நாற்பதைத் தொடப்போகிறார். எத்தனையோ ஜாதகம் வந்து வந்து திரும்பி, கடைசியில் இந்த ஒன்று நின்றிருந்தது.

"ஒறம்பரைல, சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது கண்ணு," என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்தே என் கையில் சத்தியம் வாங்கினாள். "பொண்ணு ஊட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான். 'அவங்க குடும்பத்துல அந்த நோவு இருக்குது'ன்னு ஒரே வார்த்தை. தம்பி இனி தனியாத்தான் கெடப்பான்."

அதனால் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு அம்மா தலை நிறைய முடியோடு போயாக வேண்டும். காந்திபுரத்தில் மாடியில் இருந்த ஒரு கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஒரு விக்கை எடுத்து, புறாவைப் பிடிப்பதுபோல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு காட்டினார்.

"ஒரே ஆளு முடிங்க. கோயில் முடி. கலப்படமே இல்லைங்க."

"எந்தக் கோயிலுங்க?" அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்கக்கா. நமக்கு மூட்டைல வர்றதுங்க."

அம்மா கண்ணாடியைப் பார்க்கவில்லை. விக்கை மடியில் வைத்து, நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னாள். "நல்லா வளத்தியிருக்கறா."

நிஜ முடியில் செய்த விக்குக்கும் மாஸ்க் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. தலையில் இருக்கிற முடிக்குத் தோலில் இருந்து எண்ணெய் ஊறும். வெட்டிய முடிக்கு அது கிடையாது. நாம் கொடுத்தால்தான் உண்டு. வீட்டுக்கு வருவதற்குள் பஸ்ஸிலேயே நாலு வீடியோ பார்த்து, முட்டை கூடாது, எலுமிச்சை கூடாது, ஆளிவிதை ஜெல்லும் தேங்காய்ப்பாலும் போதும் என்று முடிவு கட்டினேன். தன் தலையில் கை வைக்க இத்தனை வருஷம் விடாத அம்மா, இப்போது அந்தத் தலையையே கழற்றி என் கையில் கொடுக்கிறாள்! இப்படி நினைத்தேன், சிரித்தேன், சிரித்துவிட்டோமே என்று அம்மாவைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள்.

தெர்மாகோல் தலை ஒன்று வாங்கி, விக்கை அதில் குண்டூசியால் பொருத்தி, முதல் ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமில் வைத்து நனைத்தேன்.

நனைந்ததும் ஒரு வாசனை வந்தது.

நல்லெண்ணெய். அதற்குப் பின்னால் விறகுப் புகை. அதற்கும் பின்னால் மரிக்கொழுந்து மாதிரி ஒன்று. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் குழம்போடு சரி. விறகு என்பதை நான் கல்யாண மண்டபத்துப் பின்கட்டில்தான் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போன் செய்தேன்.

"சான்ஸே இல்லைங்க மேடம். ஆசிட்ல கழுவி, கலர் ஏத்தி, ரெண்டு மூணு பேக்டரி தாண்டி வர்றதுங்க. நாய் மோந்தாக்கூட ஒண்ணும் தெரியாது."

மாஸ்க்கைப் பூசி, அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, வெயில் நேரடியாகப் படாத பால்கனி மூலையில் ஸ்டூல் மேல் வைத்தேன். காய்ந்ததும் வாசனை போய்விட்டது. அடுத்த முறை நனைத்தபோது மறுபடியும் வந்தது. ஈரத்தில் மட்டும் வரும் வாசனை. அறிவியல்படி இதற்கு ஏதோ விளக்கம் இருக்கும் என்று தேடினேன். முடி ஒரு பஞ்சு மாதிரி, சில மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வாரமே பக்கத்து ஃபிளாட் அக்கா லிஃப்ட்டில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். நானும் கூட இருந்தேன்.

"ஏனுங்கக்கா, என்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

"ஐயோ, இல்லீங்களே. ஏனுங்க?"

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் பூரா பால்கனில தலை காய வெச்சிட்டு உக்காந்திருந்தீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை லேசாத் திரும்புனீங்க, ஆனா பேசலை."

அம்மா அந்த மத்தியானம் உள்ளே கட்டிலில் வாந்தி எடுத்துக் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பால்கனியில் இருந்தது தெர்மாகோல். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "காதுல தண்ணி பூந்திருச்சுங்க. ஒண்ணுமே கேக்கலை."

வீட்டுக்குள் வந்து, "காத்துல ஸ்டூல் நகர்ந்திருக்கும்," என்றேன்.

"இருக்கும்," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் அவள் விக்கை 'அவ' என்று சொல்ல ஆரம்பித்தாள். எப்போது தொடங்கியது என்று பிடித்துச் சொல்ல முடியவில்லை. "அவளுக்கு இன்னிக்குப் போட்டியா?" "அவளை வெயில்ல வெச்சுராத, மொகம் வாடுது." முதலில் கிண்டல் என்றுதான் நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். "அவங்க இன்னிக்கு ஸ்பா டே," என்பேன். ஆனால் மாஸ்க் போடத் தவறிய வாரத்தில் அம்மாவுக்குத் தலை வலித்தது. உள்ளே இருக்கும் வலைத்தொப்பி இறுக்குகிறது என்று நான் அதைத் தளர்த்தினேன். மாஸ்க் போட்ட பிறகுதான் வலி நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நிச்சயதார்த்தத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்வந்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண்ணின் அம்மா தன் கையாலேயே அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன முடிங்க!" என்றாராம். கீமோவும் முடிந்தது. சொந்த முடி அரிசி நீளத்துக்கு முளைக்கத் தொடங்கியது. இன்னும் கல்யாணம் ஒன்றுதான். அதில்தான் பெரிய கண்டம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ இல்லாமல் கல்யாணம் நகராது. முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. உடன்பிறந்தவனும் உடன்பிறந்தவளும் சேர்ந்திருந்து, ஊரே பார்க்கச் செய்யும் சீர். அம்மாவை விட்டால் மாமாவுக்கு வேறு ஆள் இல்லை. அத்தனை கண்களுக்கு முன்னால் அந்தத் தலை ஒரு மணி நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசி மாஸ்க். நான் வழக்கம்போல் முடியின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பூசிக்கொண்டிருந்தேன். அம்மா பாத்ரூம் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"சும்மா பூசி வெச்சா ஆச்சா? மண்டைல வெரல் வெச்சுத் தேச்சு உடு."

"மண்டை இல்லம்மா. தெர்மாகோல்."

"நாளெல்லாம் சொமந்திருக்கறா. அவளுக்கும் சொகமா இருக்க வேண்டாமா? தேச்சு உடுடி."

விக்கைத் தேய்க்கக் கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். முடியின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. வேரும் நுனியும் முன்பின்னாகக் கலந்திருந்தால், வட்டமாகத் தேய்க்கும்போது செதிலும் செதிலும் கொக்கி போட்டுக்கொள்ளும். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அம்மாவின் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு ஆசை இருந்தது. சரி என்று பத்து விரலையும் உள்ளே விட்டுத் தேய்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கதவோரம் நின்றுகொண்டே, எண்ணெய் தேய்த்துவிடும்போது தலையைக் கொடுப்பார்களே, அப்படித் தன் தலையை மெல்லப் பின்னால் சாய்த்தாள்.

அலசி எடுத்தபோது பின்பக்கம் நாலு விரல் தடிமனுக்குக் கயிறு மாதிரி ஒன்று திரண்டிருந்தது. சீப்பு போகவில்லை. கண்டிஷனர் ஒரு பாட்டில் ஊற்றினேன். நழுவ நழுவ இன்னும் இறுகியது. ஊசியால் ஒவ்வொரு இழையாகப் பிரிக்கப் பார்த்தேன். பிரித்த இடத்திலேயே, கை எடுத்ததும், மறுபடி சுற்றிக்கொண்டது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

"நுனியை மட்டும் வெட்டிட்டு, மேல கொண்டை போட்டுச் சமாளிச்சுக்கலாம்," என்று கத்திரிக்கோலை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கீமோ எடுத்த கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது!

"சடை விழுந்திருக்குது. சடைய வெட்டக் கூடாது."

"அம்மா, இது சிக்கு."

"சிக்குத்தான். தலைல தானா விழுந்தா சடை. சாமி வந்து உக்காந்ததுக்கு அடையாளம். வெட்டுனா ஊட்டுக்கு ஆகாது." விக்கை வாங்கித் துண்டில் சுற்றினாள். "சாமிக்குன்னு நேந்து குடுத்த முடி கண்ணு. அவ என்ற தலைக்கா குடுத்தா? நடுவுல யாரோ வித்துப்போட்டாங்க. இத்தன நாளு நம்ம போட்டதையெல்லாம் வாங்கிக்கிட்டு, இப்பக் கேக்கறா."

நான் கடைக்கு ஓடுகிறேன், வேறு ஒன்று வாங்கிவருகிறேன் என்றேன். "இன்னொருத்திய ஊட்டுக்குள்ள கொண்டாராத," என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள். மஞ்சள் துணி எடுத்து, உள்ளே ஒரு ரூபாய் வைத்து, விக்கை அதில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தாள். பிறகு கண்ணாடி முன்னால் போய், முளைத்திருந்த முடியைக் கையால் தடவிப் பார்த்தாள். பலநாள் யோசித்து வைத்தது போலச் சொன்னாள்.

"பழனில மொட்டை அடிச்சுப்போட்டேன்னு சொல்லிக்கலாம்."

நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். இதைவிட நல்ல பொய் இருக்க முடியுமா! நிச்சயதார்த்தத்தில் எல்லாரும் நீள முடியைப் பார்த்தாயிற்று. தம்பிக்குப் பெண் அமைந்தால் முடி கொடுக்கிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டாள், அமைந்தது, கொடுத்தாள். முளைத்திருந்த நீளமும் கணக்காகப் பொருந்தியது. பெண்கள் பெரும்பாலும் மூன்று விரல் அளவு பூமுடிதான் கொடுப்பார்கள். முழு மொட்டை என்றால் அது பெரிய வேண்டுதல். யார் குறுக்கே பேசுவார்கள்? "நிச்சயம் முடிஞ்சு அடுத்த வாரம் போனோம், மேல போய்ச் சாமி கும்புட்டுட்டு வந்தோம். அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லாதீங்க," என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாடம் நடத்தினேன். அதிகம் சொன்னால்தான் பொய் மாட்டும் என்பது என் கொள்கை.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்து மாடி அறையில், அம்மா பட்டுப்புடவையில் அந்தத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தாள். மாமா ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்காகவாக்கா?" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் பெரியம்மா மகள், எனக்குப் பெரியம்மா முறை, அவர்தான் பேச்சை இழுத்தார்.

"ஏம்மணி, பூமுடி குடுத்தாப் பத்தாதா? மொட்டைத் தலையோட இணைச்சீருக்கு நிக்கலாமான்னு தெரியலயே. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு நம்மளத்தான் சொல்லும். இரு, அருமைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேன்." சீர்களை முன்னின்று நடத்துகிற அந்தப் பெரியவரைத் தேடி அவர் கீழே போனார்.

அறையில் நான், அம்மா. அப்போது பெண்ணின் அம்மா உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று அம்மாவின் தலையை நன்றாகப் பார்த்தார். இந்த ஒருத்தர் சந்தேகப்பட்டால் போதும்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? உடம்புக்கு ஏதாச்சும்…"

"வேண்டுதலுங்க. பழனில," என்று நான் முந்திக்கொண்டேன்.

"அப்படீங்களா," என்றார். கண் இன்னும் தலையிலேயே இருந்தது. "எப்பப் போனீங்க? எங்க அடிச்சீங்க, அடிவாரத்துலீங்களா?"

அம்மா நிமிர்ந்தாள். பேச ஆரம்பித்தாள்.

"ஆத்துப் படியில உக்கார வச்சான். தண்ணிய ரெண்டு கையால அள்ளி ஊத்துனான். சில்லுனு முதுகு வழியா இறங்குச்சு. முடி மடியில விழுந்தப்போ அவ்வளவு கனம். பூவோட விழுந்துச்சு, எடுக்கக்கூட மறந்துட்டேன். மேல் படியில ஒரு வெள்ளை நாய் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. எம்பிள்ள பக்கத்துல நின்னு ஏங்கி ஏங்கி அழுதா. புது மூக்குத்தி வேற. அழுது அழுது மூக்கு வீங்கிப்போச்சு. அழாதடி, சாமிக்குத்தானே குடுக்கறேன்னு சொன்னேன். சாமிகிட்ட போய்ச் சேர்ந்திரும்ல அம்மான்னு கேட்டா. சேர்ந்திரும்னேன்."

டிராஃபிக் போலீஸிடம்கூட வாக்கியத்துக்கு இரண்டு 'ங்க' போடுகிறவள் என் அம்மா. அந்தப் பேச்சில் ஒன்றுகூட இல்லை. குரல் அவளுடையதுதான். ஆனால் அது எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை. அப்படி ஒரு படிக்கட்டு இல்லை, அப்படி ஒரு நாள் இல்லை.

பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சண்முகநதிப் படிங்களா? எங்க அம்மாவும் அங்கதானுங்க குடுத்தாங்க." அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவனுக்காக யாருங்க இந்தக் காலத்துல முழு மொட்டை போடறாங்க? என்ற பொண்ணு நல்ல ஊட்டுக்குத்தான் வர்றா."

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். பார்வை என் முகத்தில் நின்று, மூக்குக்கு வந்து, அங்கேயே நின்றது.

"மூக்குத்திய எங்க கண்ணு?"

நான் மூக்குக் குத்தியதே இல்லை. ஊசி என்றால் எனக்கு அலர்ஜி. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி நாளன்று மாடிக்கு ஓடியவள். அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதோ விழுந்து கிடப்பது போல.

"சீழ் வெச்சுருச்சுங்க," என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்டது. "அழுததுல ரொம்ப வீங்கி… கழட்டிட்டேனுங்க. ஓட்டை தூந்துபோச்சு."

அவர் என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலால் இடது மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆமா பாரு, புள்ளி தெரியுது. இன்னும் முழுசா ஆறலை. தீவாளி நோம்பிக்கு வரும்போது நானே குத்தி உடறேன்."

பெரியம்மா மூச்சு வாங்க மேலே வந்தார். "அருமைக்காரர் சொல்லிப்போட்டாரு. சாமிக்குக் குடுத்த தலைக்கு என்ன கொறைன்னு கேட்டாரு. வா அம்மணி, நேரமாச்சு."

"வாரேனுங்கக்கா," என்று எழுந்தாள் அம்மா, எங்கள் ஊர்க்காரியாக. சீர் நடந்தது. அவள் நிமிர்ந்து நின்றாள். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில பெண்கள் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முகூர்த்தத்தில் மேளம் கொட்டியபோது மாமா அழுதார், அப்பா அழுதார், நானும் எல்லாரோடும் சேர்ந்து அழுதேன். மூக்கு எரிந்தது.

பந்தியில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனேன். கை கழுவும் இடத்தில் குழாய்களுக்கு மேலே வரிசையாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டே கழுவினேன். வெளியே வரும் வரைக்கும் நிமிரவில்லை.